இரண்டு விரற்கடை

வார நாளில் நான் அடகுக் கருமபீடம்.
இராகலை வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால்
தோடு, சங்கிலி, ஒற்றை வளையல் நிறுப்பவள்.
சனி ஞாயிறு என்றால் நுவரெலியா மண்டபத்தில்
பின்கோட்டுக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
லயத்தில் பிறந்தவள் லைன் பார்க்கப் போகிறாள் என்று
மச்சாளின் பகிடி.

ஒரே சொல்தான் என் வேலை.
உள்ளே விழுந்தால் கையால் கோட்டைக் காட்டு, பேசாதே.
வெளியே என்றால் இரு கையையும் விரி, கத்து.
தெரியாவிட்டால் கண்ணைப் பொத்து.
மூன்றாவதை நான் செய்ததே இல்லை.

அந்த வருடம் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள்.
பரிசுத்தொகை சின்னது,
தரவரிசைப் புள்ளி அதைவிடச் சின்னது.
ஜெம்மா தோர்ப், இங்கிலாந்து, முப்பத்துமூன்று வயது.
நிகழ்ச்சித் தாளில் அவளுக்கு நான்கு வரி:
ஒன்பது வயதில் தேவாலய மண்டபத்தில் தொடக்கம்.
எட்டிய உயரம், உலகில் நாற்பத்தொன்று.
வலது முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை.
நான்காம் வரி அச்சில் மை தீர்ந்து போயிருந்தது.

"துரைசாணி வந்துருச்சு" என்றார்கள் படியில் இருந்த பையன்கள்.
அந்தச் சொல்லுக்குக் குதிரை வேண்டும், குடைபிடிக்க ஆள் வேண்டும்.
இவள் தன் பையைத் தானே தூக்கி வந்தாள்.
காலையில் ஆடிய சட்டையை
கழிப்பறைத் தொட்டியில் துவைத்து,
கால்சட்டை பிழிவதுபோல் முறுக்கிப் பிழிந்து
ஜன்னலில் போட்டாள்.
எங்கள் ஊர் மூடுபனியில் எது காயும்?

கொழும்பில் வாங்கிய பந்துகள்
கொழும்புக் காற்றுக்கு.
ஆறாயிரத்துச் சொச்சம் அடியில் காற்று மெலிவு,
அடித்ததெல்லாம் கோட்டைத் தாண்டி ஓடியது.
நடுவர் உட்கார்ந்து
இறகு நுனிகளை ஒவ்வொன்றாய் மடித்தார்.
வேகம் கொஞ்சம் இறங்கியது.
மிச்சத்தை அவள் தன் கையில் இறக்கிக்கொண்டாள்:
இருபத்துநான்கு வருடம் பழகிய தூரத்தில்
ஒரு சாண் குறைத்து, ஒவ்வோர் அடியிலும் குறைத்து,
இரண்டு செட் முழுக்க
தன் கையை ஏமாற்றிக்கொண்டே ஆடினாள்.

மூன்றாம் செட், பதினெட்டுக்கு இருபது.
எதிரே பத்தொன்பது வயது பாங்கொக் பிள்ளை,
வியர்வைகூட இல்லை.
தகரத்தில் மழை பிடித்தது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.
அப்போதுதான் களைத்த கை பழையதை நினைத்துக்கொண்டது.
பந்து எழுந்தது, முழுத் தூரத்துக்கும்,
வேறெந்த ஊரிலும் கோட்டைத் தொட்டிருக்கும் உயரத்தில்.
அவள் பந்தைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

வெளியே.
இரண்டு விரற்கடை.

கண்ணைப் பொத்தியிருக்கலாம்.
தாலியைக் கழற்றி வைத்துவிட்டு
இன்னும் கொஞ்சம் கூடாதா என்று கேட்பவர்களிடம்
தராசைத் திருப்பிக் காட்டிப் பழகிய கை இது.
விரிந்தது. மழைக்கு மேலே கத்தினேன்.

அந்தப் பிள்ளை தரையில் விழுந்து கும்பிட்டது.
ஜெம்மா வலையடியில் கைகொடுத்தாள்,
நடுவருக்குக் கொடுத்தாள்,
பிறகு சுற்றிக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தாள்.
லைன் பார்ப்பவளுக்கு யாரும் கைகொடுப்பதில்லை.
எழும்புவதா என்று தெரியாமல் பாதி எழும்பினேன்.

"எவ்வளவு?"
இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.
தன் விரல்களைப் பக்கத்தில் வைத்து அளந்தாள்.
அவளுடையவை கொஞ்சம் தடிப்பு.
"நல்லது," என்றாள்.
"கோட்டில் பட்டிருந்தால்
இன்னும் ஒரு வருடம் ஆடியிருப்பேன்."
சொல்லும்போது சிரித்தாளா என்று கேட்டால்
இப்போதும் நான் கண்ணைத்தான் பொத்துவேன்.

திங்கட்கிழமை, இரண்டு துண்டுக்கு நடுவில்,
குப்பைப் பெட்டியில் எடுத்துவந்த அந்தப் பந்தை
தங்கத் தராசில் வைத்தேன்.
ஓர் இறகு முறிந்திருந்தது.
ஐந்து தசம் பூச்சியம் இரண்டு கிராம்.
ஒரு பவுணுக்கு மூன்று கிராம் பற்றாது.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு அம்மா
மூக்குத்தியைத் திருகிக்கொண்டே அதைப் பார்த்தாள்.
"இதுக்கும் காசு குடுப்பீங்களா?"

பந்தை லாச்சிக்குள் போட்டேன்.
பதினேழாம் துண்டு, வாங்க.