உள்ளே ஏழு

கோத்தகிரியில் நாலரை மணிக்கே
ஆஸ்பத்திரி ஜன்னலில் மஞ்சு வந்து உட்கார்ந்துவிடும்.
அன்றைக்கும் உட்கார்ந்திருந்தது.
பிக்அப் வண்டியில் கொழுந்துச் சாக்குகளின் மேல்
அவளைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.
சாக்குகளில் இலை இருந்தது.
இறக்கிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பரிபூரணம், ஐம்பத்திரண்டு.
பதினோராம் நம்பர் காட்டில் காட்டுமாடு.
இடது விலாவுக்குக் கீழே கொம்பு நுழைந்த வாய்
ஐந்து ரூபாய்க் காசு அளவு.
வெளியில் அவ்வளவுதான்.
வயிறு, தொட்டால் பலகை.
மேல் பிரஷர் எழுபது.
இன்னொரு முறை பார்த்தேன். அறுபத்தி நாலு.

அனுப்பிவிடலாம்.
அனுப்பினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.
கோவைக்கு நல்ல நாளில் இரண்டு மணி நேரம்.
குஞ்சப்பனையில் மண் சரிந்து ஒற்றை வழி,
ஆக இது நல்ல நாள் இல்லை.

முதல் ஒரு மணி நேரம் பொன் என்று படித்திருக்கிறேன்.
எழுதியவர் சமவெளிக்காரராக இருக்கவேண்டும்.
இங்கே அந்தப் பொன்னில் முக்கால் பங்கு
எஸ்டேட் பாதைக் கற்களிலேயே உதிர்ந்துபோகும்.
மிச்சத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு
நாங்கள் பேரம் பேசுகிறோம்.

மயக்க மருந்துக்கு டாக்டர் ஜெசிந்தா குன்னூரில்,
ஒரு சிசேரியனின் கடைசித் தையலில்.
"சலைனைக் கொட்டிடாதீங்க, வந்துட்டே இருக்கேன்."
தெரியும். உப்புத் தண்ணீர் உறையாது.
பிரஷரைத் தாழ்வாகவே பிடித்து வைத்திருந்தோம்,
அடைமழையில் மெழுகுவத்தியைப் பொத்துகிற மாதிரி.
நாற்பது நிமிடம்.
தியேட்டர் செருப்போடே வந்து இறங்கினார்.

குளிர்பெட்டியில் ரத்தம் இரண்டே பை.
அப்படியே ஏற்றினால் உடம்பு இன்னும் சில்லிடும்,
சில்லிட்டால் ரத்தம் கட்டுகிற வேலையை மறந்துவிடும்.
சூடாக்கும் கருவி ஆறு மாதமாக ரிப்பேரில்.
சிஸ்டர் மாதி ஒன்றும் பேசாமல்
இரண்டு பைகளையும் தன் ஸ்வெட்டருக்குள் செருகி
வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.
விதிமுறையில் அது கிடையாது.
நான் பார்க்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

திறந்தேன்.
மண்ணீரல் மூன்று துண்டு. எடுத்தாயிற்று.
அதற்குப் பிறகும் எங்கிருந்தோ ஊறியது,
சுனை மாதிரி, அவசரமே இல்லாமல்.
தேடிக்கொண்டிருந்தால் மேசையிலேயே முடிந்துவிடும்.
துணி வைத்து அழுத்து. இன்னொன்று. இன்னொன்று.
ஏழு.

மதுரையில் எனக்கு
தையலின் நேர்த்திக்குத்தான் மார்க் போட்டார்கள்.
இங்கே சலைன் பையைப் பிளந்து விரித்து
தோலின் ஓரத்தோடு நாலு இழுப்பு இழுத்து
வயிற்றை மூடாமல் விட்டேன்.
பிளாஸ்டிக்குக்கு அடியில் குடல் மினுங்கியது,
மழைக்காலத்து பஸ் கண்ணாடிக்குள் முகங்கள் போல.
தெரிந்தே பாதியில் நிறுத்துவதற்கு
கை முதலில் ஒப்பவில்லை.

நெஞ்சில் பிளாஸ்டர் ஒட்டி
பேனாவால் எழுதினேன்: உள்ளே ஏழு. இரவு 7.20.
கடிதங்கள் தொலையும். தோல் தொலையாது.
ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போஜன்
மஞ்சு விளக்கைப் போட்டு
வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினான்.
கடைசி ஹாரன் கேட்கும்வரை
கையுறையைக் கழற்றவில்லை நான்.

மறுநாள் வனத்துறைப் படிவம் வந்தது.
சம்பவ நேரம், விலங்கின் வகை,
சிகிச்சை முழுமை பெற்றதா: ஆம் / இல்லை.
இரண்டையும் அடிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.
குமாஸ்தா கோபித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஓ.பி. நடுவில் போன்.
"கோத்தகிரியா? தியேட்டரிலிருந்து பேசறோம்.
ஏழுன்னு எழுதியிருக்கீங்க. ஆறுதான் இருக்கு."
ஏழுதான்.
"மூணு தடவை எண்ணியாச்சு டாக்டர்."
மண்ணீரல் இருந்த இடத்துக்கு மேலே,
உதரவிதானத்தின் மடிப்புக்குள் விரலை விடுங்கள்.

போனை அவர்கள் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் ஒரு மானிட்டர்
ஒரே சீராய்த் தட்டிக்கொண்டிருந்தது.
அப்போதுதான் கவனித்தேன்,
அவளைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

"இருக்கு," என்றது குரல்.

வெளியே முப்பத்தெட்டாம் டோக்கன்
கதவைத் தட்டாமலே உள்ளே வந்தது.