நாலு சென்டி

நாலு சென்டி இறக்கணும் என்றார் கிளாட்ஸ்டன்,
திருவொற்றியூர் யார்டில் கண்டெய்னர் எண்ணுகிறவர்.
நாளெல்லாம் அண்ணாந்தே பார்த்த கழுத்து.
அதற்குத் தாழ்வாக ஏதாவது வேண்டியிருக்கலாம்.
நான் கேட்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டார்.

பதினோரு வருஷத்து ஸ்விஃப்ட்.
கடல்காற்று ஒவ்வொரு போல்ட்டிலும்
தன் பங்கைத் தின்று வைத்திருந்தது.
எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து
காலையில் நாலடிப் பைப்பை மாட்டித் தொங்கினோம்
நானும் இம்ரோஸும்.
ஒரு கத்து கத்திவிட்டுத்தான் கழன்றது.

அமுக்கிப் பிடித்த ஸ்பிரிங்குக்கு நேரே
முகத்தைக் கொண்டுபோகாதே அண்ணே என்பான் இம்ரோஸ்,
ஒவ்வொரு தடவையும்,
என் மோவாய்த் தையலைப் பார்த்துக்கொண்டே.

புதுசு சிவப்பு நிறம்.
வளையல் கடையிலிருந்து வந்த மாதிரி.
"மாட்டினா முடிஞ்சுதா?"
முடியாது சார்.
உயரத்தைக் குறைத்தால்
விழுவதற்கு இருந்த இடமும் குறைகிறது.
பம்ப் ஸ்டாப்பை அப்படியே விட்டால்
வண்டி ஸ்பிரிங்கில் நிற்காது,
ரப்பரில் உட்கார்ந்துகொள்ளும்.
அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும்
உங்கள் முதுகெலும்புதான் பதில் சொல்லணும்.

ஆகவே வெட்டினேன்,
பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து.
கூர்முனைப் பக்கம் அல்ல, தடித்த பக்கம்.
முதல் அடி மெத்தென்று விழவேண்டும்,
போகப்போகத்தான் கெட்டிப்பட வேண்டும்.

பின்சக்கரம் தொங்கியபோது
குட்டை ஸ்பிரிங் கிண்ணத்தில் லொடலொடத்தது.
ஷாக்கையும் குட்டையாக்கித் தா என்று
லேத் பொன்னுரங்கத்திடம் போனேன்.
"உள்ள கேஸ் கீது. நீ மூஞ்சிய வெச்சுக்கினு நில்லு,
நான் அறுக்கிறேன்" என்றான்.
குட்டை ஷாக் புதுசாகவே வாங்கினோம்.

கடைசியாக ஒன்று.
வண்டி அந்தரத்தில் தொங்கும்போது
புஷ் போல்ட்டுகளை இறுக்கக் கூடாது.
இறக்கி, நாலு சக்கரமும்
தரையில் தன் பாரத்தை உணர்ந்த பிறகுதான்.
இல்லையென்றால் ரப்பர்
இல்லாத ஓர் உயரத்தை நினைத்து
முறுக்கிக்கொண்டே கிடந்து
ஒருநாள் கிழியும்.

சாயங்காலம் எண்ணூர் ரோட்டில்
லாரி நிழலுக்குள் லாரி நிழலாக நுழைந்து போனது வண்டி.
சுங்கச்சாவடி தாண்டி முதல் வேகத்தடையில்
காசிமேட்டு நண்டு மாதிரி
குறுக்கே சாய்ந்து ஏறினார் கிளாட்ஸ்டன்.
கீழே ஒன்றும் இடிக்கவில்லை.
சிரித்தார். மீதிக் காசை எண்ணிக் கொடுத்தார்.

நான் வீட்டுக்கு வந்தேன்,
வாசலில் மூன்று படி இறங்கி.
கல்யாணமான புதிதில் அவை ஏறும் படிகள்.
எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் தார்மேல் தார் போட்டு
ரோடு வளர்ந்துவிட்டது.
எங்கள் வீட்டை மாநகராட்சி
முன்பணம்கூட வாங்காமல் இறக்கிக் கொடுத்தது.
வெட்டவேண்டியதை ஒன்றும் வெட்டவில்லை,
மாற்றவேண்டியதை மாற்றவில்லை.
அதனால்தான் மழைக்கு மழை
இந்த அடி அடிக்கிறது.

ஜெசிந்தாவின் தையல் மெஷின்
வாசல் பக்கமாகச் சாய்ந்து தடதடக்கும்.
அங்கே தரை உள்வாங்கியிருக்கிறது.
சட்டைப்பையில் கிடந்த ரப்பர் வில்லைகளை
இரண்டு கால்களுக்கு அடியில் கொடுத்தேன்.
ஒரு ஜாக்கெட் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு
"இன்னா, சத்தத்தையே காணோம்" என்றாள்.

ஐப்பசியில் போன்.
சப்வே தண்ணீருக்கு இந்தப் பக்கம்
நின்றுகொண்டிருந்தார் கிளாட்ஸ்டன்.
"பழசையே மாட்டிடலாமா?"

பழைய ஸ்பிரிங் இருக்கிறது, கோணியில் சுற்றி, பரண்மேல்.
தண்ணீர் எங்களுக்கு இரண்டாவது படியில்.
என் முதுகுக்குப் பின்னால்
மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆடாமல்.

"மாட்டலாம் சார்," என்றேன்.
"ரப்பர் மட்டும் புதுசு வாங்கணும்."