மூன்றில் ஒன்று

வெட்டூர்ணிமடத்தில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
கீழே கம்ப்ரசர் ஓடும்வரை எங்களுக்கு வேலையில்லை.
கடைசி பஸ் போய்,
ஆரல்வாய்மொழிக் காற்றும் கொஞ்சம் மூச்சு வாங்கும்போதுதான்
திரையில் கோடுகள் நடுங்காமல் நிற்கும்.
மணி இரண்டு இருக்கும்.

இரண்டு கண்ணாடிகள்.
நடுவே தொள்ளாயிரம் நானோமீட்டர் வெறுமை.
மேல் கண்ணாடி எள்ளளவு சவ்வு,
நான்கு மெல்லிய கால்களில் தொங்குகிறது.
மின்னழுத்தம் கொடுத்தால் இறங்கும்.
இறங்கிய ஆழத்துக்கு உரிய ஒளி மட்டும் கடக்கும்,
சிவப்புக்கும் அப்பால்
நாம் பெயர் வைக்காத ஏதோ ஒரு நிறம்.

இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குவரை
சவ்வு சொன்ன பேச்சு கேட்கும்.
தாண்டினால் கால்கள் தோற்கும்,
பாய்ந்து ஒட்டிக்கொள்ளும்.
மின்சாரத்தை எடுத்த பிறகும் விடாது.

ஆறு சிப் வந்தன. ஐந்தை ஒட்டவைத்தவன் நான்.
ஒன்று ஆடிச் சாரலின் ஈரத்தில்.
ஒன்று என் தும்மலில் என்கிறாள் ஸ்டெனிலா.
மற்ற மூன்றும்,
இன்னும் கொஞ்சம் இறங்குமா பார்க்கலாம் என்று.
‘பைய, மக்கா’ என்று எழுதி
வோல்டேஜ் குமிழுக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள்.

சோதனைக்கு மீத்தேன் வேண்டும்.
சிலிண்டர் சென்னையில்
யாருடைய கையெழுத்துக்கோ காத்துக் கிடக்கிறது.
தோவாளையிலிருந்து தாணுலிங்கம் வந்தார்,
பூச்சந்தைக் கழிவைத் தொட்டியில் ஊறவைத்து
டீக்கடைக்கு அடுப்பெரிக்கக் கொடுப்பவர்.
டயர்க் கடையில் இரவல் வாங்கிய லாரி டியூப்
பின் சீட்டில் உப்பி உட்கார்ந்திருந்தது.
பிச்சியின் வாசம் துளியும் இல்லை, அழுகிய முட்டை.
இரும்புத்தூள் வழியே செலுத்தியதும் அதுவும் போனது.

‘இது எங்க போவுது?’
‘சனியோட ஒரு நிலாவுக்கு. போனா.’
‘அங்கயும் நாறுமோ?’
அதைப் பார்க்கத்தான் என்றேன்.

குமிழைத் திருப்பினேன்.
பத்து. முப்பது.
அறுபத்தேழு நானோமீட்டர் இறங்கியதும்
ஓட்டமான கோடு
ஒரு குண்டில் இறங்கி ஏறிய சைக்கிள் மாதிரி
ஆயிரத்து அறுநூற்று அறுபத்தாறில்
குழிந்து நிமிர்ந்தது.
மூன்றில் ஒன்று இன்னும் எங்கோ தூரத்தில் இருந்தது.

கையை எடுத்தேன். சவ்வு மெல்லத் திரும்பி
தன் இடத்தில் தொங்கியது.

ஆறு மணிக்கு கம்ப்ரசர் உறும,
கோடு பதறத் தொடங்கியது. பரவாயில்லை, பதிவாகிவிட்டது.
ஆய்வுக் குழுவுக்கான படிவத்தில்
‘வாயுவின் மூலம்’ என்ற கட்டத்தை
ஸ்டெனிலா வெகுநேரம் பார்த்திருந்தாள்.
பிறகு எழுதினாள்:
தோவாளை. நேற்று விற்காத பூ.