ஏதாவதொரு விசை

பெப்ரவரி இருபத்தேழு, இரவு எட்டே முக்கால்.
சின்னதாய் ஒரு 'டப்'.
பிறகு கருகிய மீன்செதிள் போல ஒரு மணம்.
மீன்கடை யோகச்சந்திரனின் பதினொரு ஆட்களுக்கும்
நாளைக்குள் டி-ஃபோர் போயாக வேண்டும்.
ஆறாவது ஆளோடு நின்றுவிட்டது கொம்பியூட்டர்.

கிருபா பனி அள்ளும் வண்டிக்குப் போகிற அவசரத்தில்
சப்பாத்துக்குள் காலை விட்டபடி
"பிளக்கைப் பாத்தனீரோ" என்றார்.
பார்த்தேன்.
அதே துளையில் இஸ்திரிப்பெட்டி சுடுகிறது.

ஸ்காபரோவின் நிலவறைகளில் மாசிக் காற்று
அப்பளம் மாதிரிக் காய்ந்தது.
கம்பளிச் சட்டையை இழுத்தாலே பொறி பறக்கும்.
அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு,
சுடுநீர்க் குழாயை ஒருதரம் தொட்டு
என் மின்சாரத்தை இறக்கிவைத்த பிறகே
பக்கத் தகட்டைத் திறந்தேன்.
உள்ளே எங்கள் தூசு,
எங்களுக்கு முன் இதை வைத்திருந்தவரின் தூசு,
ஒரு மல்லி விதை.
அது எப்படிப் போனதோ.

கடதாசிக் கவ்வி ஒன்றை நிமிர்த்தி
இருபத்துநாலு துளைச் சொருகியில்
பச்சைக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் பாலம் போட்டேன்.
உயிர் இருந்தால் விசிறி சுற்ற வேண்டும்.
அரைச் சுற்று.
ஒரு விக்கல்.
அவ்வளவுதான்.

முதுகில் மஞ்சள் ஒட்டி ஒன்று:
திறக்காதே,
நிறுத்திய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.
நான் திறக்கவில்லை.

இரவு பத்தரை, டிம் ஹோர்ட்டன்ஸ் வாசல்.
விற்க வந்த பெடியன்
கார்க் கண்ணாடியை மட்டும் இறக்கினான்.
ஐநூற்றைம்பது வாட்ஸ், நாற்பது டொலர்.
"வேலை செய்யுமா?"
"செய்தது."
இறந்தகாலத்துக்கு உத்தரவாதம் கிடையாது.
விறைத்த விரலிலிருந்து ஐந்து டொலர்த் தாளொன்று
பனிக்குள் நழுவ,
இறங்கி வந்து என்னோடு தேடினான்.
கிடைத்ததும் எனக்குத்தான் நன்றி சொன்னான்.

மாட்டினேன். நாலு ஆணியில் மூன்றுதான் பூண்டது.
விசிறி சுற்றியது,
பச்சை விளக்கும் வந்தது,
திரை மட்டும் கறுப்பு.
பேச்சுமூச்சில்லை என்பார்கள்.
இதற்கு மூச்சு உண்டு, பேச்சுத்தான் இல்லை.

டிஸ்க்கின் வயரைக் கழற்றினேன்.
கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினேன்.
நினைவகத் தகடுகள் இரண்டையும் இழுத்தெடுத்து
மகனின் அழிறப்பரால் அவற்றின் பொன்பற்களைத் தேய்த்தேன்.
இரண்டும் போட்டால் ஊமை.
இடப்பக்கத்தது மட்டும், ஊமை.
வலப்பக்கத்தது மட்டும்:
ஒற்றைப் பீப்.
நடுச்சாமத்தில் அந்தச் சத்தத்துக்கு
நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்,
கை முழுக்க ஊத்தை.

பாதி ஞாபகத்தோடு எழும்பிய கொம்பியூட்டர்
வெள்ளை எழுத்தில் கேட்டது:
ஜனவரி 1, 2010. நேரம் 00:02.
தொடர, ஏதாவதொரு விசையை அழுத்துக.

வட்டப் பற்றரியும் செத்திருக்கிறது.
திகதி, தொழிற்சாலையில் யாரோ வைத்தது.
ஆனால் அந்த ஜனவரியில்
என் முகவரி ஒரு கூடாரத்தின் இலக்கம்.
தண்ணீர் பவுசர் காலையில் ஒருமுறை வரும்.
முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் பஸ் போகும்,
ஆட்கள் சும்மா வேலைக்குப் போவார்கள்.

எந்த விசையும் சரி என்கிறது திரை.
எந்த விசையும் சரியில்லை.

அம்புக்குறியை ஆண்டின் மேல் நிறுத்தி
கூட்டல் விசையைத் தட்டினேன்.
பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று.
பதினாலில் விமானம்.
பதினேழில் விரல் கொஞ்சம் நின்றது,
அது எனக்கும் கிருபாவுக்கும் மட்டுமான கணக்கு.
பிறகு தடதடவென்று
இருபத்தைந்து வரை.
மாதம் இரண்டு.
நாள் இருபத்தேழு என்று போட்டு,
சுவர் மணிக்கூட்டைப் பார்த்து,
இருபத்தெட்டு என்று திருத்தினேன்.

வெளியே பனிவண்டி ஒன்று
தெருவைச் சுரண்டிக்கொண்டு போகிறது.
கிருபாவாயும் இருக்கலாம்.

ஏழாவது ஆள்: மரியதாஸ் நியூட்டன், மீன் வெட்டுபவர்.
பதினாலாம் பெட்டி, சம்பளம்.
ஒவ்வொரு பெட்டிக்கும்
ஒருதரம் சேமிக்கிறேன்.