உண்மைப் பிரதி

திங்கட்கிழமை போகாதேங்கோ.
திங்களிலை பிடிச்ச ஆக்களைக் கொண்டருவினம்,
பதிவறைக்காரர் கோப்புகளோடை மேலும் கீழும் ஓடுவினம்,
உங்கட முகத்தை ஒருத்தரும் பாராயினம்.
செவ்வாய் பரவாயில்லை. புதன் இன்னும் நல்லம்.

வழக்கிலக்கம் தெரியுமோ?
தெரியாட்டி முதல் பொலிசுக்கு.
திகதி, இடம், முறைப்பாடு குடுத்தவையின்ரை பேர்,
பிரதி என்ன தேவைக்கு எண்டு ஒரு வரி.
அந்த வரியிலை நான் முதல்தரம்
"என்ன நடந்தது எண்டு அறிய" எண்டு எழுதினனான்.
வாங்கிப் பாத்தவர் சிரிக்கவுமில்லை, கோவிக்கவுமில்லை.
"காப்புறுதிக்கு எண்டு போடுங்கோ அக்கா,
அப்பதான் மேலை போகும்."
போட்டன். மேலை போச்சு.
பதினொரு கிழமை மேலையே இருந்துது.

அடையாள அட்டையிலை ரெண்டு பிரதி,
விவாகப் பதிவிலை ரெண்டு.
அதிலை நான் யோகமலர், அட்டையிலை யோகமலார்.
அந்த ஒற்றைக் காலுக்காக
சமாதான நீதவானிட்டை ஒரு சத்தியக் கடதாசி.

பிறகு கோட்டுப் பதிவாளருக்கு விலாசம் போட்டு எழுத வேணும்.
காசு பக்கக் கணக்கு.
எத்தினை பக்கம் எண்டு உங்களுக்குத் தெரியாது,
கட்டை அவிழ்க்குமட்டும் அவைக்கும் தெரியாது.
எங்கட கட்டை அவிழ்த்த அலோசியஸ் தும்மித் தும்மிச் சொன்னார்,
"நாலு பக்கம். இதுக்கோ இவ்வளவு நாள் அலைஞ்சனீங்கள்?"

நாலு பக்கம்.
மூண்டிலை கோண்டாவில் சந்தி, பஸ்ஸின்ரை இலக்கம்,
பிரேக் இழுபட்ட தடத்தின்ரை நீளம்.
ஒண்டிலை நான் சொன்னது.
அடியிலை என்ரை கையெழுத்து, தமிழிலை.
அதுக்கு மேலை முழுக்க வட்டம் வட்டமா
எனக்கு வாசிக்கத் தெரியாத என்ரை வாய்.

மொழிபெயர்ப்பாளரைக் கோட்டடியிலையே பிடிக்கலாம்,
முத்திரை வச்சிருக்கிற ஆளோ எண்டு பாத்துப் பிடியுங்கோ.
நான் போனது குருநகர் மரியநாயகத்திட்டை.
கண்ணாடியை நெத்தியிலை ஏத்திப்போட்டு
என்ரை வாயை எனக்கு வாசிச்சார்:
"எனது கணவர் அன்று காலை
மதுபோதையில் வீட்டிலிருந்து புறப்பட்டார்."

நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு.
ஆசுப்பத்திரி வாங்கிலை இருந்து சொன்னது.
பையும் கொண்டுபோகேல்லை, குடையும் கொண்டுபோகேல்லை,
வெறுங்கையோடை வெளிக்கிட்டவர்.

வெறும்.

எழுதின பெடியன் பொல்லாதவன் இல்லை.
தனக்கு வாங்கின தேத்தண்ணியை என்ரை கையிலை தந்தவன்.
தெரிஞ்ச தமிழிலை கேட்டு, தெரிஞ்ச எழுத்திலை எழுதினான்.
அவனுக்குத் தெரிஞ்ச தமிழிலை வெறும் இல்லை.
வெறி இருந்திருக்கு,
ஒவ்வொரு இரவும் சந்தியிலை மறிச்சு மறிச்சுப் படிச்ச சொல்.

தவநேசனுக்குக் கள்ளு மணத்தாலே தலையிடிக்கும்.
காப்புறுதிக் கடிதம் ஆறு வரியமா
"நிபந்தனை மீறல்" எண்டது இதைத்தான்.
வழக்கண்டு கோட்டிலை இருந்த அவற்றை தமையன்
பிறகு எங்கட படலை திறக்காததும்
இதுக்குத்தானோ எண்டு இனித்தான் கேக்க வேணும்.

இப்ப திருத்தச் சொல்லி இன்னொரு மனு.
"சொன்னதை மாத்திறாய் எண்டுவினம்" எண்டு சட்டத்தரணிப் பிள்ளை பயப்படுறா.
மாத்தேல்லை, முந்திச் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுறன்.
நாலு பக்கத்திலும் ஊதா மையிலை குத்தியிருக்கு:
உண்மைப் பிரதி.
அதுவும் பொய்யில்லை. அங்கை இருக்கிறதுதான் இங்கையும் இருக்கு.

பங்குனியிலை தவணை.

உங்களுக்கு என்ன, காணிப் பிரச்சினையோ?
சரி, நான் கேக்கேல்லை.
கையெழுத்து வைக்க முதல் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ,
கோவிச்சாலும் சொல்லுங்கோ.
துண்டிலை என்ன இலக்கம், நாப்பத்தொண்டோ?
அப்ப போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ,
இப்பதான் பதினேழு கூப்பிடினம்.