நடைவழி ஈரம்

ஜூலை. ஆற்றுப் பக்கத்துக் குளிர்
கதவிடுக்கில் மூக்கை நுழைத்துப் பார்க்கிற மாதம்.
பைசந்தூ ஊரில் எல்லார் வீட்டிலும் விறகு புகைகிறது,
எங்கள் வீட்டில் வினிகர்.

த்ராப்போவுக்குப் பதினான்கு வயது.
பெட்ரோல் பங்க் ஒன்றில்
எண்ணெய் துடைக்கிற துணிகளுக்குள் கிடந்த குட்டி,
அதனால்தான் அந்தப் பேர்: கந்தை.
இப்போது வீட்டிலுள்ள கந்தையெல்லாம்
அவன் பின்னாலேயே அலைகின்றன.

முதலில் சமையலறை, குளிர்பெட்டி ஓரம்.
அப்புறம் எல்பியோவின் செருப்பு,
இடது செருப்பு மட்டும், மூன்று நாள்.
அப்புறம் ஒரு ஞாயிறு, மருமகள் வந்திருந்தபோது,
கூடத்தின் நடுவில்
எதையோ யோசிக்கிறவன் போல நின்றபடியே.
கால் நனைந்த பிறகுதான் குனிந்து பார்த்தான்,
இது யார் வேலை என்று.

எல்பியோ கத்தினான். செய்தித்தாளைச் சுருட்டினான்.
நாற்பது வருடம் லாரி ஓட்டிய கை.
சுருட்டிய தாள் அந்தக் கையிலேயே
சாயங்காலம் வரை இருந்தது.

சிறுநீரகம் சோர்ந்துவிட்டது என்றாள் டாக்டர் மிர்த்தா.
வேண்டுமென்று செய்வதில்லை.
குளோரின் ஊற்றாதீர்கள், அந்த வாடை
இங்கேயே பெய் என்று கூப்பிடும்.
தண்ணீரை மட்டும் ஒளித்துவைத்துவிடாதீர்கள்.

அந்த வாரம் முழுக்கக்
கிண்ணத்தை அலமாரி மேல் ஏற்றிவைத்தவள் நான்.
குளியலறை ஓட்டை அவன் நக்கிக்கொண்டிருந்ததைப்
பார்த்தும் வைத்தவள்.
அதை மிர்த்தாவிடம் சொல்லவில்லை.
தலையை ஆட்டிவிட்டு
மாத்திரைக்குப் பணம் கட்டினேன்.

கம்பளம் கட்டிலுக்கடியில் போயிற்று.
ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம்.
எல்பியோவின் கோட்டை மாட்டிக்கொண்டு
நடைபாதையின் கசப்பு ஆரஞ்சு மரம் வரைக்கும்,
தெருநாய்கள் எல்லாம் கையெழுத்துப் போட்ட மரம்.
காலைத் தூக்க முடியாமல்
பெட்டையைப் போலக் குந்துகிறான்.
நான் மானத்துக்கு ஒதுங்கினவள் மாதிரி
மேலே பார்க்கிறேன். ஏகப்பட்ட நட்சத்திரம்.

வியாழக்கிழமை.
ராத்திரி மழை. இடிக்குப் பயந்து
என் அறையிலேயே படுத்தான் த்ராப்போ,
என் கணுக்கால் மேல் தாடையை வைத்து.
கதவு சாத்தியிருந்தது.
(எல்பியோவின் குறட்டைக்காக
எட்டு வருடம் முன்னால் பிரிந்த அறைகள்.)

காலையில் நடைவழியில் ஈரம்.
குளியலறைக்கு மூன்றடி இருக்கும்போது.
விளிம்பில் ஒரு கட்டைவிரல் தடம்.
உள்ளே குழாயின் மேல் அவன் பைஜாமா,
பிழியத் தெரியாத கை பிழிந்தது,
இன்னும் சொட்டிக்கொண்டு.

அடுக்களையில் எல்பியோ
மாத்தே சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றிவிட்டுக்
குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.
ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்:
"உன் நாய். மறுபடியும்."

நேற்று வரைக்கும் நம் நாய்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
த்ராப்போ என் காலடியில் படுத்து
வாலால் இரண்டு தரம் தரையைத் தட்டினான்.
சம்மதமா என்று தெரியாது.
நாய் என்ற சொல் காதில் விழுந்தால் தட்டுவான், அவ்வளவுதான்.

"ஆமாம்," என்றேன். "கிழவனுக்குக் கண்ணும் சரியில்லை.
இனி ராத்திரி நடைவழியில் விளக்கு எரியட்டும்."
துடைத்தேன்.
இரண்டு ஈரமும் ஒரே கந்தைக்குத்தான் போயிற்று.

எல்பியோ ஒன்றும் சொல்லவில்லை.
மத்தியானம் ஒரு சின்ன பல்பு வாங்கிவந்தான்,
கூடவே கசாப்புக் கடையிலிருந்து
காசு கொடுத்து வாங்கிய எலும்பு.
பல் இல்லாதவனுக்கு எதற்கு எலும்பு என்று நான் கேட்கவில்லை.
முகர்ந்து பார்க்கட்டுமே.

இரண்டு மணிக்கு அலாரம் அடித்தபோது
கோட்டு ஆணியில் இல்லை. கயிறும் இல்லை.
ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்:
ஆரஞ்சு மரத்தடியில் இரண்டு பேர்,
அவரவர் வேலையாக,
ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

திரையை இழுத்துவிட்டேன்.
வினிகர் தீர்ந்துபோயிருந்தது.
காலையில் வாங்க வேண்டும், பெரிய புட்டி.