விழுகிற வேலை

நாற்காலியிலிருந்து விழுவது என் வேலை.
சனி, ஞாயிறு இரவு எட்டரைக்கு
எட்டு வருஷம் விழுந்தேன்.
காவேரிப்பட்டணம் திம்மராயன் என்று
திரைக்கு அடியில் எழுத்து ஓடும்.
ஒரு வருஷம் அதில் 'ம்' விழுந்துவிட்டது: திமராயன்.
யாரும் எடுத்து வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஸ்டுடியோவில் சிரிப்பைப் பிறகுதான் சேர்ப்பார்கள்.
நான் விழும்போது
கேமராக்காரர் கொட்டாவி விடுவார், ஏசி இரையும்.
வீட்டுக்கு வந்து டிவியில் பார்த்தால்
இருநூறு பேர் சிரிக்கிறார்கள்.
அதில் ஒருத்தி மட்டும் விக்கி விக்கிச் சிரிப்பாள்,
எல்லா வாரமும் அதே விக்கல்.
யாருப்பா இந்தம்மா என்று எடிட்டரைக் கேட்டேன்.
"பழைய ஃபைல்ணே.
இப்ப இருக்குதோ என்னமோ."

பிறகு நிகழ்ச்சியை நிறுத்தினார்கள்.
காரணம் சொல்ல ஒரு பையன் போன் செய்தான்,
சொல்லாமலே வைத்துவிட்டான்.

மேடைக்கு வந்தேன்.
மாங்கூழ் ஆலை ஆண்டு விழா,
ராயக்கோட்டை தக்காளி மண்டி ஆயுத பூஜை,
பர்கூரில் ஜவுளிக்கடைத் திறப்பு.
ஓசூரில் ஒரு கல்யாணம்,
பாதி சனம் தெலுங்கு, மீதி கன்னடம்,
விழுந்தது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.
மேடையில் சிரிப்பைச் சேர்க்க ஆளில்லை.
வந்தால் வரும்.
பந்தி போட்டுவிட்டால் வராது.

இந்த ஆனியில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி.
அதிகாரிகள் கிளம்பிப் போன பிறகு என் முறை,
முன்வரிசை சோபாக்கள் காலி,
அதற்கும் பின்னால் ஜனம்.
நாற்காலியில் உட்காரவே இல்லை, பலகை விட்டது.
கீழே இருட்டு, ஒரு சாக்கு, அழுகின மாம்பழ வாசம்,
இடது மணிக்கட்டில் யாரோ குச்சி ஒடித்த சத்தம்.
மேலே சிரிப்பு.
அப்படியொரு சிரிப்பு எந்த ஃபைலிலும் இல்லை.
"தூக்குங்கப்பா" என்றேன்.
மைக் சட்டையில் இருந்தது,
இன்னும் சிரித்தார்கள்.
"நெஜமாவே கை போச்சுப்பா" என்றேன்.
கைதட்டினார்கள்.
வலியோடு நேரத்தை எண்ணினேன், பழக்கம்.
பதினொரு விநாடி.

அரசு ஆஸ்பத்திரி, ராத்திரி பன்னிரண்டு.
எக்ஸ்ரே அறைப் பெண்ணுக்கு நாகவேணி என்று பெயர்,
பேட்ஜில் எல்லா எழுத்தும் இருந்தது.
என்னைத் தெரியவில்லை. எப்போதும் நைட் டூட்டியாம்.
"என்ன வேலை பண்றீங்க?"
"விழுவேன்."
"அதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"
"குடுத்தாங்க."
என் கையைப் பலகையில் வைத்து
விரல் விரலாக விரித்துவிட்டு,
"எங்க வீட்டுக்காரரும் டெய்லி விழறாரு,
ஒத்த ரூபா வந்ததில்ல" என்றாள்,
முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

வந்துவிட்டது எனக்கு.
வயிறு, தோள், அப்புறம் கை.
நானும் விக்கினேன்.

திரையில் என் எலும்பெல்லாம்
இரண்டிரண்டாகத் தெரிந்தன.
"ஆடிட்டீங்க. மறுபடி எடுக்கணும்.
சிரிக்காம இருங்க."

முயன்றுகொண்டிருந்தேன்.